ஜோனதன் பிரவுனிங்: மார்மன் முன்னோடிகளின் துப்பாக்கிக் கொல்லர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துப்பாக்கிகளின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டியவர்களுக்கு ஜான் மோசஸ் பிரவுனிங் என்ற பெயர் தெரிந்திருக்கும். அவருடைய அப்பா ஜோனதனைப் பற்றிக் கேட்டால், "அவரும் துப்பாக்கி செய்தவர்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மகனைவிட அப்பாவின் வாழ்க்கைதான் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. அவரைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஜோனதன் பிரவுனிங் யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1805 அக்டோபர் 22 அன்று அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், சம்னர் கவுண்டியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். இளம் வயதிலேயே துப்பாக்கி செய்யக் கற்றுக்கொண்டார். 1830களில் இலினாய் மாநிலத்தின் குவின்சிக்குக் குடிபெயர்ந்தார். 1840இல் மார்மன் சமயத்தில் சேர்ந்து, 1842இல் அவர்களுடைய ஊரான நாவூவுக்குப் போனார். அங்கிருந்து 1846இல் விரட்டப்பட்டு, அயோவாவில் ஆறு ஆண்டுகள் இருந்து, 1852இல் யூட்டாவின் ஆக்டன் நகருக்கு வந்து சேர்ந்தார். அங்கேயே 1879 ஜூன் 21 அன்று காலமானார். மூன்று மனைவிகள், 22 பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் ஜான் மோசஸ்.

மார்மன்கள் என்றால் யார்?

1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கிய கிறிஸ்தவ வழிச் சமயத்தைச் சேர்ந்தவர்கள். பைபிளோடு 'மார்மன் நூல்' என்ற இன்னொரு நூலையும் வேதமாக ஏற்பவர்கள். அக்கம்பக்கத்தாரோடு இவர்களுக்கு ஒத்துப்போகவே இல்லை. மொத்தமாக ஓர் ஊரில் குடியேறுவார்கள், ஒரே கட்சிக்கு ஓட்டுப் போடுவார்கள், தங்களுக்குள்ளேயே வியாபாரம் செய்வார்கள். பிற்பாடு பலதார மணமும் சேர்ந்துகொண்டது. 1838 அக்டோபரில் மிசௌரி மாநில ஆளுநர் பாக்ஸ், மார்மன்கள் மாநிலத்தை விட்டு வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் அழித்தொழிக்கப்பட வேண்டும் என்று எழுத்து மூலமாகவே உத்தரவு போட்டார். அந்தக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் மிசிசிப்பி ஆற்றைக் கடந்து இலினாய்க்கு ஓடினார்கள். அவர்கள் முதலில் வந்து விழுந்த ஊர் குவின்சி. ஜோனதன் கடை வைத்திருந்ததும் அங்கேதான்.

தொழிலை யாரிடம் கற்றார்?

சிறுவனாக இருந்தபோது, உடைந்துபோன ஒரு பழைய சிக்கிமுக்கித் துப்பாக்கியைப் பக்கத்து விவசாயியிடம் வேலை செய்து கூலிக்குப் பதிலாக வாங்கி, அதைச் சரிசெய்து, அதே விவசாயிக்குத் திருப்பி விற்றார் என்பது அந்தக் குடும்பத்தில் சொல்லப்பட்டுவரும் கதை. உள்ளூர்க் கொல்லரிடம் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே இரும்பைப் பழகியவர், பிறகு நாஷ்வில் நகரத்துக்குப் போய், சாமுவேல் போர்ட்டர் என்ற துப்பாக்கிக் கொல்லரிடம் குழல் செய்யக் கற்றுக்கொண்டார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

குழல் செய்வது என்பது லேசான வேலை இல்லை. இன்றைக்கு இரும்புக் கம்பியை மெஷினில் வைத்துத் துளை போட்டுவிடலாம். அன்று நீளமான இரும்புப் பட்டையை உலையில் வெள்ளைச் சூடு வரும்வரை காய்ச்சி, நடுவில் ஒரு கம்பியை வைத்து, பட்டையை அதைச் சுற்றி வளைத்து, ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டும்படி சம்மட்டியால் அடிப்பார்கள். ஒரு சூட்டில் சில அங்குலங்கள்தான் ஒட்டும். கம்பி உள்ளேயே ஒட்டிக்கொள்வதற்குள் அதை உருவிவிட வேண்டும். பிறகு மறுபடியும் உலை, மறுபடியும் அடி. ஒட்டு எங்காவது ஒரு மயிரிழை விட்டுப்போனால் சுடும்போது குழல் பிளக்கும். பிடித்திருப்பவரின் கையும் முகமும் அந்த ஒட்டை நம்பித்தான் இருக்கின்றன.

அடித்து முடித்த குழாயை உள்ளே கடைந்து, வளைவு பார்த்து நேராக்கி, கடைசியில் உட்சுவரில் சுருளாகப் பள்ளம் வெட்ட வேண்டும். குண்டு சுழன்றுகொண்டே போய்க் குறி தவறாமல் விழுவது அந்தப் பள்ளத்தால்தான். பல்வைத்த சிறிய இரும்புத் துண்டு பொருத்திய கோலைக் கையால் இழுத்து இழுத்து வெட்டுவார்கள். ஒரு பள்ளத்துக்கே பல நூறு இழுப்புகள் ஆகும். பூட்டு, விசை, வில் (ஸ்பிரிங்), திருகு எல்லாம் அரத்தால் ராவிச் செய்தவை. ஒரு துப்பாக்கியின் திருகு இன்னொன்றுக்குப் பொருந்தாது.

ஆபிரகாம் லிங்கன் இவர் வீட்டில் தங்கியிருக்கிறாராமே?

பிரவுனிங் குடும்பத்தார் அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறார்கள். நடந்திருக்கக்கூடியதுதான். ஜோனதனின் உறவினர் ஆர்வில் ஹிக்மன் பிரவுனிங் குவின்சியில் பெரிய வக்கீல், லிங்கனுக்கு நெருங்கிய நண்பர், பிற்காலத்தில் அமெரிக்காவின் உள்துறைச் செயலாளராகவே இருந்தவர். ஜோனதனும் வெறும் பட்டறைக்காரராக இல்லாமல், ஊரில் சிறு வழக்குகளை விசாரிக்கும் அமைதி நீதிபதியாக இருந்தார். சட்டம் தெரிந்தவர்கள் வந்துபோகும் வீடுதான் அது.

அந்த ஆர்வில் பிரவுனிங்கைப் பற்றி ஒரு தகவல் இருக்கிறது. லிங்கன் கதையைவிட எனக்கு அதுதான் வியப்பு. 1841இல் ஜோசப் ஸ்மித்தைக் கைதுசெய்து மிசௌரிக்குக் கொண்டுபோக முயன்றபோது, நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடி விடுவிக்க வைத்தவர்களில் ஆர்வில் ஒருவர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1845இல், ஜோசப் ஸ்மித்தைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடியவரும் இதே ஆர்வில்தான். அவர்கள் எல்லோரும் விடுதலையானார்கள். அந்தச் சமயத்தில் ஜோனதன் நாவூவில் கொல்லப்பட்டவரின் பக்தர்களுக்குத் துப்பாக்கி செய்துகொண்டிருந்தார்.

மார்மன் சமயத்தில் எப்படிச் சேர்ந்தார்?

மிசௌரியிலிருந்து விரட்டப்பட்ட அகதிகளுக்குக் குவின்சி மக்கள் சோறும் இடமும் கொடுத்தார்கள். ஊரின் மக்கள்தொகையைவிடப் பல மடங்கு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் மிசிசிப்பிக் கரையோரச் சதுப்பு நிலத்தை வாங்கி, நாவூ என்று பெயரிட்டு ஊர் கட்டத் தொடங்கினார்கள். குவின்சியிலிருந்து அது ஒன்றும் தொலைவில்லை. அங்கே போய்வந்த ஜோனதன் ஜோசப் ஸ்மித்தைச் சந்தித்துப் பேசி, 1840இல் ஞானஸ்நானம் பெற்றார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையையும் பதவியையும் விட்டுவிட்டு இரண்டு ஆண்டுகளில் நாவூவுக்கே குடிபோய்விட்டார். மனைவி எலிசபெத் ஸ்டால்கப்பை அவர் மணந்தது 1826இல். நாவூவுக்குப் போகும்போது வீடு நிறையப் பிள்ளைகள்.

நாவூவில் அவர்கள் கட்டியது செங்கல் வீடு. அதோடு சேர்ந்தே பட்டறை. சதுப்பு நிலம் என்பதால் கொசு அதிகம், வெயில் காலத்தில் மலேரியா வீடு வீடாகப் போனது. ஊரோ சில ஆண்டுகளிலேயே மாநிலத்தின் பெரிய ஊர்களில் ஒன்றாகிவிட்டது.

'மவுத் ஆர்கன் துப்பாக்கி' என்கிறார்களே, அது என்ன?

ஜோனதனின் பெயரை நிலைக்க வைத்த கண்டுபிடிப்பு அதுதான். அக்காலத்துத் துப்பாக்கியில் ஒரு முறை சுட்டால், வெடிமருந்தைக் குழலின் வாய் வழியாகக் கொட்டி, குண்டை வைத்து, கோலால் இடித்து, மறுபடியும் சுடத் தயாராவதற்கு அரை நிமிடமாவது ஆகும். அதற்குள் மான் ஓடிவிடும். எதிரே இருப்பது மனிதன் என்றால், அவன் ஓடிவரவும் கூடும்.

ஜோனதன் செய்தது இதுதான். செவ்வக வடிவ இரும்புக் கட்டை ஒன்றில் வரிசையாக ஐந்து அறைகள் துளைத்தார். ஒவ்வோர் அறையிலும் மருந்தும் குண்டும் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தட்டினால் தீப்பொறி தரும் ஒரு செம்பு கேப். இந்தக் கட்டை குழலின் பின்முனையில் குறுக்காகச் செருகப்படும். ஒரு முறை சுட்டதும் கட்டையைக் கையால் ஒரு பக்கமாகத் தள்ளினால் அடுத்த அறை குழலுக்கு நேரே வந்து நிற்கும். துளைகளோடு குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை பார்க்க மவுத் ஆர்கன் போலவே இருக்கும், அதனால்தான் அந்தப் பெயர்.

மற்றவர்களும் இதே மாதிரி செய்து பார்த்திருக்கிறார்கள். ஜோனதனின் கெட்டிக்காரத்தனம் இரண்டு இடங்களில் தெரிகிறது. முதலாவது, அறைக்கும் குழலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. அதன் வழியாக நெருப்பும் புகையும் பீறிட்டு வெளியே வந்தால் குண்டின் வேகமும் போச்சு, சுடுபவரின் கண்ணுக்கும் ஆபத்து. பக்கத்து அறையில் பொறி பட்டு அதுவும் வெடித்தால் இன்னும் மோசம், ஏனென்றால் அந்தக் குண்டு போக முன்னால் குழல் இல்லை, துப்பாக்கியைத் தாங்கியிருக்கும் இடது கைதான் இருக்கும். இதற்காக அவர் ஒரு நெம்புகோல் வைத்தார். அதைத் தள்ளினால் கட்டை முன்னோக்கி அழுந்திக் குழலோடு இறுக ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது, சுத்தியலை மேலே வைக்காமல் அடியில் வைத்தார். அது கீழிருந்து மேலாக அடிக்கும், அதனால் குறிபார்க்கும் பார்வையை மறைக்காது.

நிரப்பிய கட்டைகள் இரண்டை இடுப்புப் பையில் வைத்துக்கொண்டால் பத்து முறை கூடுதலாகச் சுடலாம். குழலுக்குப் பின்னால் உருளை சுழலும் இன்னொரு வகையையும் செய்தார். கட்டைத் துப்பாக்கியில் திருகும் வில்லும் குறைவு, சாதாரணக் கொல்லர்கூடப் பழுதுபார்க்கலாம்.

அப்படியென்றால் காப்புரிமை வாங்கிச் சம்பாதித்திருக்கலாமே?

வாங்கவில்லை. அதே சமயத்தில் சாமுவேல் கோல்ட் தன்னுடைய சுழல் துப்பாக்கிக்கு 1836லேயே அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் காப்புரிமை வாங்கினாலே காசு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். கோல்டின் முதல் கம்பெனி 1842இல் இழுத்து மூடப்பட்டது. 1847இல் ராணுவ ஆர்டர் கிடைத்த பிறகுதான் அவர் தலைதூக்கினார். முதலீடு, தொழிற்சாலை, வாஷிங்டனில் ஆள் இவ்வளவும் இருந்தவருக்கே அந்தக் கதி.

ஜோனதனிடம் இருந்தது ஒரு உலை, ஒரு பட்டடைக்கல், காலால் மிதித்து ஓட்டும் ஒரு லேத். கேட்பவருக்கு ஒவ்வொன்றாகச் செய்து கொடுப்பார். அப்புறம், ஐந்தாறு ஆண்டுக்கு ஒரு முறை வீட்டையே காலிசெய்துகொண்டு ஓட வேண்டியிருந்த ஆளுக்குக் காப்புரிமை வழக்கு நடத்த நேரம் ஏது? 1850களின் பிற்பகுதியில் உலோகத் தோட்டாக்கள் வந்து, 1860 வாக்கில் ஸ்பென்சர், ஹென்றி ரைஃபிள்கள் கிளம்பியதும் மருந்தையும் குண்டையும் தனித்தனியே நிரப்பும் எல்லா வகைகளும் பழங்கதையாகிவிட்டன. கட்டைத் துப்பாக்கிக்குக் காப்புரிமை இருந்திருந்தாலும் அந்தத் துப்பாக்கியின் காலம் இருபது ஆண்டுகள்தான்.

பக்திமான் ஒருவர் துப்பாக்கி செய்வதில் அவருக்கு உறுத்தல் இல்லையா?

அவருக்கு இருந்ததாகத் தெரியும் அடையாளம் எதுவும் இல்லை. நேர்மாறாக, அவர் செய்த சில துப்பாக்கிகளின் மரப் பிடியில் சிறிய உலோகத் தகடு பதித்து, 'கர்த்தருக்குப் பரிசுத்தம் – எங்கள் பாதுகாப்பு' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார். முதல் பாதி பைபிளில் தலைமை ஆசாரியரின் தலைப்பாகையில் எழுதப்பட்ட வாசகம். மார்மன்கள் தங்கள் கோயில்களில் எழுதிவைப்பதும் அதையே.

மிசௌரியில் குடும்பங்களை இழந்தவர்கள் அவருடைய வாடிக்கையாளர்கள். 1844 ஜூன் 27 அன்று, கார்த்தேஜ் சிறையில் அடைபட்டிருந்த ஜோசப் ஸ்மித்தையும் அவருடைய அண்ணன் ஹைரமையும் முகத்தில் கரி பூசிய கும்பல் புகுந்து சுட்டுக் கொன்றது. அதற்குப் பிறகு நாவூவில் துப்பாக்கிக் கொல்லரின் வாசலில் நின்றவர்கள் வேட்டைக்காக நின்றிருக்க மாட்டார்கள். அது சரியா தவறா என்பது வேறு பேச்சு. அந்த ஊர்க்காரர்களுக்கு அந்தத் தகட்டில் இருந்த இரண்டு பாதிகளும் முரணாகப் பட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

1847இலேயே மார்மன்கள் யூட்டா போய்விட்டார்கள். இவர் மட்டும் ஏன் 1852 வரை தாமதித்தார்?

நிறையப் பேர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எல்லோரும் ஒரே கூட்டமாகப் போகவில்லை. 1846 பிப்ரவரியில் நாவூவைக் காலிசெய்யத் தொடங்கினார்கள். அயோவாவைக் கடந்து மிசௌரி ஆற்றங்கரையில் தங்கினார்கள். 1847 ஜூலையில், ஜோசப் ஸ்மித்துக்குப் பிறகு மார்மன்களை வழிநடத்திய பிரிகம் யங் தலைமையில் போன சிறிய முன்னணிக் குழு மட்டும்தான் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தது. மீதிப் பேர் பல ஆண்டுகள் சிறுகச் சிறுகப் போனார்கள்.

மெக்சிகோ போருக்காக 1846இல் சுமார் 500 மார்மன் ஆண்கள் ராணுவத்தில் சேர்க்கப்பட்டபோது ஜோனதனும் போக விரும்பினாராம், பிரிகம் யங் தடுத்து, நீங்கள் இங்கேயே இருந்து போகிறவர்களுக்குத் துப்பாக்கி செய்து கொடுங்கள் என்றாராம். இது குடும்ப வழிச் செய்தி. நடந்தது அதற்கு ஒத்துப்போகிறது. கேன்ஸ்வில் என்ற தற்காலிக ஊருக்குத் தெற்கே, மஸ்கிட்டோ ஓடைக் கரையில் பட்டறை போட்டார். இன்று கவுன்சில் பிளஃப்ஸ் என்று அழைக்கப்படுவது அந்த கேன்ஸ்வில்தான்.

அது ஒரு தொழிலாளியாக அவருடைய உச்சக் காலம் என்பது என் கணிப்பு. 1849இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று உலகமே மேற்கே ஓடியது. அந்தப் பாதையில் கேன்ஸ்வில் கடைசி ஊர். அதைத் தாண்டினால் மாதக்கணக்கில் கடை கிடையாது. உள்ளூர்ப் பத்திரிகையான ஃபிரான்டியர் கார்டியனில் அந்த ஆண்டு அவர் கொடுத்த விளம்பரத்தில், ஐந்து முதல் இருபத்தைந்து முறை வரை சுடக்கூடிய கட்டைத் துப்பாக்கிகள் கிடைக்கும் என்று சொல்கிறார். இவ்வளவு கிழக்கே இதற்கு ஈடானது கிடையாது என்று பீற்றிக்கொண்டு, மேற்கே இன்னும் போனால் ஒருவேளை இருக்கலாம் என்றும் சேர்த்துக்கொள்கிறார். மேற்கே போனால் இருப்பது வெறும் புல்வெளிதான் என்று வாசிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆள் கொஞ்சம் குறும்புக்காரர்தான்.

பயணத்துக்கு என்னென்ன எடுத்துப்போனார்கள்?

கேன்ஸ்வில்லிலிருந்து சால்ட் லேக் வரை ஆயிரம் மைலுக்கு மேல். மாட்டு வண்டியில் மூன்று மாதத்துக்குக் குறையாது. பெரும்பாலான குடும்பங்கள் ஒரு வண்டியில் மாவு, பன்றி இறைச்சி, விதை, படுக்கை என்று அடைத்துக்கொண்டு, தாங்கள் நடந்தே போனார்கள். ஜோனதன் குடும்பம் ஆறு வண்டிகளோடு புறப்பட்டதாகவும், மாவுப் பெட்டியின் இரகசிய அடித்தட்டில் 600 டாலர் ஒளித்துவைத்திருந்ததாகவும் சொல்வார்கள். ஆறு வண்டி என்றால் நல்ல வசதி. அதில் ஒன்றில் அந்தக் கால்மிதி லேத்தும் இருந்தது. மலைத்தொடர்களைத் தாண்டி வார்ப்பிரும்பைச் சுமந்துபோவது மாடுகளுக்குத் தண்டனை. ஆனால் அதை விட்டுவிட்டுப் போனால் அந்தப் பக்கம் இன்னொன்று வாங்க வழியே இல்லை.

ஆக்டனில் என்ன செய்தார்? அங்கே புதிதாகத் துப்பாக்கி எதுவும் கண்டுபிடிக்கவில்லையா?

இல்லை. வந்து சேர்ந்தபோது அவருக்கு 47 வயதிருக்கும். இன்னும் 27 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். அவ்வளவு காலத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு புதுத் துப்பாக்கியும் அவர் கையிலிருந்து வரவில்லை. வயதாகிவிட்டது, ஆர்வம் போய்விட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

அந்த ஊரின் நிலைமையைப் பாருங்கள். ஆக்டன் முதலில் மைல்ஸ் குட்இயர் என்ற வேட்டை வியாபாரியின் சிறிய கோட்டை. 1847இல் மார்மன்கள் அதை 1,950 டாலருக்கு வாங்கி ஊராக்கினார்கள். யூட்டாவில் இரும்பே கிடையாது என்று சொல்லலாம். தெற்கே சீடர் நகரில் 1851இல் இரும்பு உருக்கும் குடியேற்றம் ஒன்றைத் தொடங்கினார்கள், அது உருப்படவில்லை. பழைய வண்டிச் சக்கரத்தின் பட்டைதான் ஆணிக்கும் அரிவாளுக்கும் கலப்பைக்கும் இரும்பு. 1861இல் கூட்டாட்சி ராணுவம் கேம்ப் ஃபிளாய்ட் முகாமைக் காலிசெய்தபோது சுமார் 40 லட்சம் டாலர் மதிப்புள்ள சரக்கை ஏறத்தாழ ஒரு லட்சத்துக்கு ஏலம் விட்டுவிட்டுப் போனது. யூட்டா முழுக்கத் திருவிழா மாதிரி அள்ளினார்கள். இரும்புக்கு அப்படி ஒரு பஞ்சம்.

இப்படிப்பட்ட ஊரில் இரும்புவேலை தெரிந்தவரிடம் எல்லோரும் எல்லாவற்றையும் கொண்டுவருவார்கள். அறுப்பு அரிவாள், ஆலைச் சக்கரம், கதவுக் கீல், ஓடாத துப்பாக்கி. ஜோனதன் பழுது பார்த்தார். பட்டறைக்குப் பக்கத்தில் தோல் பதனிடும் தொழிலும் வைத்தார். நிலம் வாங்கினார், விற்றார். நகர மன்றத்தில் இருந்தார், நீதிபதியாக இருந்தார், பிரதேசச் சட்டமன்றத்துக்கும் போனார். கண்டுபிடிப்பதற்கு ஓய்வும் கையில் மிச்ச இரும்பும் வேண்டும். அவருக்கு இரண்டும் இல்லை.

கூலி பணமாகக் கிடைத்ததா?

பெரும்பாலும் இல்லை. நாணயம் அரிது. கோதுமை, விறகு, உருளைக்கிழங்கு, கோழி, இரண்டு நாள் உடலுழைப்பு என்றுதான் கணக்கு நேரானது. சபைக்குக் கொடுக்க வேண்டிய பத்தில் ஒரு பங்கைக்கூடப் பொருளாகவோ வேலையாகவோ கொடுத்தார்கள்.

மூன்று மனைவிகள் விஷயம்?

மார்மன் தலைமை பலதார மணத்தை 1852 ஆகஸ்டில் சால்ட் லேக்கில் வெளிப்படையாக அறிவித்தது. அதற்கு முன்பு அது இரகசியமாக நடந்தது. ஜோனதன் 1854இல் எலிசபெத் கரோலின் கிளார்க்கையும், 1850களின் இறுதியில் ஆன் எம்மெட்டையும் மணந்தார். ஜான் மோசஸும் அவருடைய தம்பி மத்தேயுவும் இரண்டாவது மனைவியின் பிள்ளைகள். 1855 ஜனவரியில் ஜான் பிறந்தபோது அப்பாவுக்கு 49 வயது.

முதல் மனைவி எலிசபெத் ஸ்டால்கப்பைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. டென்னசியில் கல்யாணமாகி, குவின்சியில் ஒரு குடித்தனம், நாவூவில் ஒரு குடித்தனம், ஓடைக் கரையில் ஒரு குடித்தனம், மலைகளுக்கு அப்பால் ஒரு குடித்தனம் என்று நான்கு முறை அடுப்பை மாற்றிப் போட்டவர், அதற்கிடையில் வரிசையாகப் பிள்ளைப்பேறு. இவ்வளவுக்கும் பிறகு, ஐம்பதை நெருங்கும் கணவர் இன்னொரு கல்யாணம் செய்கிறார். பலதார மணம் மார்மன் பெண்களுக்குப் பாதுகாப்பு தந்தது என்று வாதிடுபவர்கள் உண்டு, சில வீடுகளில் சக்களத்திகள் உண்மையிலேயே ஒருவரையொருவர் தாங்கியதும் உண்டு. ஆனாலும் முதல் மனைவியைக் கேட்டுத்தான் எல்லாம் நடந்தது என்ற சமாதானத்தை நான் அப்படியே ஏற்பதில்லை. வேண்டாம் என்று சொன்னால் ஊரே எதிரே நிற்கும் இடத்தில் சம்மதத்துக்கு என்ன எடை?

அமெரிக்க நாடாளுமன்றம் 1862இல் பலதார மணத்தைக் குற்றமாக்கியது. யூட்டாவில் கெடுபிடி தொடங்கியது 1880களில்தான். அதற்குள் ஜோனதன் போய்ச் சேர்ந்துவிட்டார். மார்மன் சபை 1890இல் அந்த வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது.

அந்த நிலம் காலியாகவா கிடந்தது?

இல்லவே இல்லை. ஆக்டனைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகள் வடமேற்கு ஷோஷோனி மக்களின் வேட்டை நிலமும் மேய்ச்சல் நிலமும். குடியேறிகளின் மாடுகள் புல்லைத் தின்றுதீர்க்க, அவர்கள் உணவாகப் பயன்படுத்திய விதைகளும் போயின. 1863 ஜனவரி 29 அன்று ஆக்டனுக்கு வடக்கே, பேர் ஆற்றங்கரையில் கர்னல் கானரின் ராணுவம் ஷோஷோனி முகாமைத் தாக்கிப் பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. முன்னோடிகளின் கதையைச் சொல்லும்போது இதை விட்டுவிட முடியாது.

ஜான் மோசஸ் அப்பாவிடம் என்ன கற்றார்?

ஏழு வயதிலிருந்தே பட்டறைதான் அவருக்குப் பள்ளிக்கூடம். தோல் பதனிடும் இடத்து வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. துப்பாக்கிப் பட்டறையின் மூலையில் கிடந்த ஓட்டை உடைசல் குவியல்தான் பிடித்தது.

பத்து வயதில், அப்பா வெளியே போயிருந்த நேரம், அந்தக் குவியலிலிருந்து ஒரு பழைய குழலை எடுத்து, மரக்கட்டையில் கம்பியால் கட்டி, ஒரு துப்பாக்கி மாதிரி செய்தார். அதற்கு விசையே கிடையாது. ஓட்டை போட்ட தகர டப்பாவில் கங்கை எடுத்துக்கொண்டு தம்பி மத்தேயு கூடவே வர, அண்ணன் குறிபார்க்க, தம்பி நெருப்பு வைக்க வேண்டும். அப்படியே காட்டுக்கோழிகளையும் அடித்துவிட்டார்கள். மறுநாள் காலைச் சாப்பாட்டில் அந்தக் கறியைத் தின்றுகொண்டிருந்த அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லி, செய்ததைக் கொண்டுவந்து காட்டினார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தவர் திட்டவில்லை. பதினோரு வயது ஆகப்போகிறது, இதைவிட நன்றாகச் செய்யத் தெரியாதா என்ற அர்த்தத்தில்தான் கேட்டார் என்று ஜான் பிற்காலத்தில் வீட்டில் சொல்லியிருக்கிறார்.

பழுதுபார்க்கும் பட்டறையில் வளர்ந்ததற்கு இன்னொரு பலனும் உண்டு. ஒரு கம்பெனியில் வேலை செய்தால் அந்தக் கம்பெனியின் துப்பாக்கி மட்டும்தான் தெரியும். 1869 மே மாதம் கண்டம் கடக்கும் ரயில் பாதை முடிந்து, ஆக்டன் பெரிய ஜங்ஷன் ஆனதும், ஊரைக் கடந்துபோன எல்லா வகைத் துப்பாக்கிகளும் பிரவுனிங் பட்டறைக்கு வந்தன. அவற்றில் வந்ததெல்லாம் கெட்டுப்போனவை. எந்த இடத்தில் எந்தத் துப்பாக்கி தேயும், எந்த வில் முறியும் என்பதை அந்தப் பையன் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

அப்பா மறைந்த பிறகு பட்டறை என்ன ஆனது?

1878இல் ஜான் ஒற்றைத் தோட்டா ரைஃபிள் ஒன்றை அந்தப் பழைய கருவிகளாலேயே செய்து முடித்தார். 1879 மே மாதம் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. ஜூனில் ஜோனதன் இறந்தார். அக்டோபர் 7 அன்று காப்புரிமை வந்தது. குடும்பத்தின் முதல் காப்புரிமை அது.

அதன் பிறகு ஜானும் மத்தேயுவும், மூன்றாவது மனைவியின் மகன்களான எட், சாம், ஜார்ஜும் சேர்ந்து ஆக்டனில் சிறிய தொழிற்சாலை ஒன்றைப் போட்டார்கள். ஃபிராங்க் ரஷ்டன் என்ற இங்கிலாந்துத் துப்பாக்கிக் கொல்லர் அவர்களோடு சேர்ந்தார். வெவ்வேறு தாய்களுக்குப் பிறந்த சகோதரர்கள் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தார்கள். அவர்கள் செய்த ரைஃபிள் ஒன்று வின்செஸ்டர் கம்பெனியின் கையில் சிக்க, 1883இல் அதன் மேலாளர் டி. ஜி. பென்னட் ரயிலேறி ஆக்டன் வந்து, உரிமையை 8,000 டாலருக்கு வாங்கிப்போனார். 1885 மாடல் என்று சந்தைக்கு வந்தது அதுதான். ஜான் மொத்தம் 128 காப்புரிமைகள் பெற்று, 1926 நவம்பரில் பெல்ஜியத்தில் தொழிற்சாலையில் இருந்தபோதே இறந்தார்.

இவற்றையெல்லாம் இன்று எங்கே பார்க்கலாம்?

நாவூவில் ஜோனதனின் செங்கல் வீட்டையும் பட்டறையையும் பழையபடி சீரமைத்து வைத்திருக்கிறார்கள். ஆக்டனில் பழைய யூனியன் ஸ்டேஷன் கட்டடத்தில் பிரவுனிங் துப்பாக்கிகளுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. ஜோனதன் கையால் செய்த கட்டைத் துப்பாக்கிகளில் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில.

இந்தியாவுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

மகன் வழியாக உண்டு. ஜான் தொடங்கி, அவர் இறந்த பிறகு பெல்ஜியத்தின் எஃப்என் துப்பாக்கி நிறுவனத்தில் டியூடோனே செவ் என்ற வடிவமைப்பாளர் முடித்த ஹை-பவர் கைத்துப்பாக்கியின் இந்திய வடிவம் மேற்கு வங்காளத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் தயாரானது. 'பிஸ்டல் ஆட்டோ 9 எம்எம் 1ஏ' என்ற பெயரில் ராணுவமும் பல மாநிலக் காவல்துறைகளும் வைத்திருப்பது அதுதான்.